துணைவேந்தர் கதிரையில் யார் அமர்வது? திருகோணமலையிலிருந்து ஒரு பார்வை

2025 ஏப்ரல் 8ஆம் திகதி மட்டக்களப்பில் சிவநேசதுரை சந்திரகாந்தன் என்ற பிள்ளையான் குற்றப்புலனாய்வுத் திணைக்களத்தினரால் கைது செய்யப்பட்டபோது, தமிழ் ஊடகங்களில் அடுத்த சில நாட்கள் பேசப்பட்டதெல்லாம் அவரைப் பற்றியே. அவர் யாருடன் இருந்தார், யார் அவரைக் காப்பாற்றினார்கள், இனி யாரைக் காட்டிக்கொடுப்பார், ஈஸ்டர் தாக்குதல் வரை விசாரணை போகுமா என்று காணொளிகள் குவிந்தன. எந்த வழக்கில் அவர் கைதானார் என்பது மட்டும் ஒற்றை வரியில் வந்து போனது: கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஒருவர் 2006ஆம் ஆண்டு கடத்தப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டமை.

அந்த 'ஒருவர்' பேராசிரியர் சிவசுப்பிரமணியம் ரவீந்திரநாத். விவசாயத் துறைப் பேராசிரியர். 2006 டிசம்பர் 15ஆம் திகதி கொழும்பு 7இல், இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் வருடாந்த அமர்வில் கலந்துகொள்ளப் போனவர் வீடு திரும்பவில்லை. அடிக்கு ஒரு சோதனைச் சாவடி இருந்த உயர் பாதுகாப்பு வலயம் அது. அன்று அவருக்கு வயது 55. நான் அப்போது திருகோணமலையில் சாதாரண தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். செய்தி வந்த அன்று வீட்டில் யாரும் வியப்படையவில்லை என்பதுதான் இன்று நினைக்கும்போது வியப்பாக இருக்கிறது.

ஒரு மனிதரைக் கடத்துவதற்குப் பணம், பழி, அரசியல் என்று பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் இந்தக் கடத்தலுக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கிய ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையின் நடுவில் இருந்தது ஒரு இராஜினாமாக் கடிதம். ஒரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பதவி விலகவேண்டும் என்பதற்காக ஆயுதம் தரித்தவர்கள் இவ்வளவு மெனக்கெட்டது ஏன் என்ற கேள்வியை நாம் சரியாகக் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால், இன்றும் ஒவ்வொரு முறை துணைவேந்தர் பதவிக்கு விண்ணப்பம் கோரப்படும்போதும் நடக்கும் திரைமறைவு ஓட்டத்தை வேறு கண்ணால் பார்த்திருப்போம்.

இதில் திருகோணமலைக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். வந்தாறுமூலை மட்டக்களப்பு மாவட்டத்தில் அல்லவா இருக்கிறது?

நிலாவெளி வீதியில் போனால் கோணேசபுரியில் இருக்கும் திருகோணமலை வளாகம் அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானது. 1993இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 2001இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தரமுயர்ந்தது. பிரயோக விஞ்ஞானம், தொடர்பாடல் மற்றும் வணிகக் கற்கைகள், சித்த மருத்துவம் என்று இங்கே படிப்புகள் நடக்கின்றன. வளாகத்துக்கு ஒரு முதல்வர் உண்டு. ஆனால் கையெழுத்தின் கனம் முதல்வரிடம் இல்லை. அது நூறு கிலோமீற்றருக்கு அப்பால், கிண்ணியாவையும் மூதூரையும் வெருகலையும் வாகரையையும் தாண்டி, வந்தாறுமூலையில் இருக்கிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை கிண்ணியாவுக்குப் போவதற்கே இழுவைப் படகை நம்பியிருந்த ஊர் இது. யுத்த காலத்தில் மட்டக்களப்புக்குப் போகவேண்டுமென்றால் ஹபரணையைச் சுற்றிப் போகவேண்டும். ஆகவே துணைவேந்தர் யார் என்பது எங்களுக்கும் உள்ளூர் விடயந்தான். அவரைத் தெரிவுசெய்யும் இடம் மட்டும் எப்போதும் எங்களுக்குத் தூரமாகவே இருந்திருக்கிறது.

முதலில் சட்டம். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி, பல்கலைக்கழகப் பேரவை மூவரின் பெயர்களைப் பரிந்துரைக்கும். அந்தப் பட்டியல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குப் போகும். ஆணைக்குழுவின் விதப்புரையின் பேரில் ஜனாதிபதி அவர்களில் ஒருவரை மூன்று ஆண்டுகளுக்கு நியமிப்பார். அண்மைய ஆண்டுகளில் விண்ணப்பதாரிகள் பேரவை முன் தோன்றித் தமது தூரநோக்கை விளக்கவேண்டும். பேரவை உறுப்பினர்கள் புள்ளியிடுவார்கள். அதிக புள்ளி பெற்ற மூவர் மேலே போவார்கள். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பேரவையில் யார் இருக்கிறார்கள்? துணைவேந்தர், வளாக முதல்வர், பீடாதிபதிகள், மூதவையின் பிரதிநிதிகள் ஆகியோர் உள்ளிருந்து வருபவர்கள். வெளியிலிருந்து வருபவர்களை மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கிறது. அந்த வெளியாட்களின் எண்ணிக்கை உள்ளாட்களை விட ஒன்று அதிகமாக இருக்கவேண்டும் என்பது சட்டம். ஆணைக்குழுவின் ஏழு உறுப்பினர்களையும் நியமிப்பவர் ஜனாதிபதி. ஆக, ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழு நியமிக்கும் பெரும்பான்மை தெரிவுசெய்யும் மூவரில் ஒருவரை ஜனாதிபதி தெரிவுசெய்கிறார். அரசாங்கம் மாறும்போதெல்லாம் பேரவைகளின் வெளிவாரி உறுப்பினர்களும் மாறுவதைப் பற்றிச் செய்தி வரும். அது ஒரு சாதாரண நிர்வாகச் செய்தி போலத்தான் இருக்கும். அடுத்த துணைவேந்தர் தேர்தலின் வாக்காளர் இடாப்பு மாற்றப்பட்டிருக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை.

துணைவேந்தர் என்பவர் கல்விக்கும் நிர்வாகத்துக்கும் தலைவர். மூதவைக்குத் தலைமை தாங்குபவர், நிதிக்குப் பொறுப்புக் கூறவேண்டியவர். இதை எங்கள் பகுதி மொழியில் சொல்வதானால், தொழிற்சாலைகள் குறைவாக இருக்கும் ஒரு மாகாணத்தில், ஓய்வூதியத்துடன் கூடிய பல நூறு வேலைகளுக்கும் கட்டட ஒப்பந்தங்களுக்கும் வாகனங்களுக்கும் மேலே அமர்ந்திருப்பவர். நூலக உதவியாளர் வேலைக்கும் காவலாளி வேலைக்கும் பட்டியல் கொடுக்காத அரசியல்வாதி கிழக்கில் அபூர்வம். எனவே 'நம்மட ஆள்' அந்தக் கதிரையில் இருக்கவேண்டும் என்ற ஆசை கல்வி பற்றிய ஆசையாக இருக்கவேண்டியதில்லை.

இனி 2006. அந்த ஆண்டைத் திருகோணமலைக்காரர் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில், காந்தி சிலைக்கு அருகே, ஐந்து மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த விசேட அதிரடிப் படையினர் 13 பேரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். 2006 ஓகஸ்டில் மூதூரில் தொண்டு நிறுவனப் பணியாளர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் தொடக்கத்தில் சம்பூர் இராணுவத்தின் கைக்கு வந்தது. மூதூர் கிழக்கு முழுவதும் மூட்டை முடிச்சுகளோடு வாகரைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

அந்தச் செப்டெம்பர் 20ஆம் திகதி கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலை கலாசார பீடாதிபதி பால சுகுமார் கடத்தப்பட்டார். மூதூர் கிழக்கின் சேனையூரைச் சேர்ந்தவர், நாடகத்துறையில் அறியப்பட்டவர். அவரை விடுவிப்பதற்கு வைக்கப்பட்ட நிபந்தனை, துணைவேந்தர் ரவீந்திரநாத் பதவி விலகவேண்டும் என்பது. தன் சக ஆசிரியரின் உயிரைக் காப்பதற்காக ரவீந்திரநாத் ஒக்டோபர் தொடக்கத்தில் இராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தார். பீடாதிபதி விடுவிக்கப்பட்டார். மானியங்கள் ஆணைக்குழு அந்தக் கடிதத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. கொழும்பிலிருந்தே கடமையைத் தொடரும்படி அவரிடம் கூறப்பட்டது. தெஹிவளையில் குடும்பத்துடன் தங்கி அப்படியே அவர் செய்தார்.

இந்த இடத்தில் நான் எப்போதும் சற்று நின்றுவிடுவேன். ஆணைக்குழு செய்தது கொள்கையளவில் சரி. துப்பாக்கி முனையில் எழுதப்பட்ட கடிதத்தை ஓர் அரச நிறுவனம் ஏற்கக்கூடாது. ஏற்றால் அடுத்த வாரம் இன்னொரு கடிதம் வரும். ஆனால் ஏற்க மறுக்கும் அரசுக்கு, மறுத்ததனால் ஆபத்தில் விழும் மனிதரைப் பாதுகாக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது. கடிதம் பாதுகாப்பாகக் கோப்புக்குள் இருந்தது. அதை எழுதியவர் இரண்டரை மாதத்தில் தலைநகரின் நடுவில் காணாமல் போனார்.

மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகள் தொடக்கத்திலிருந்தே கருணா அணியையும் அதற்குப் பின்னாலிருந்த படைத்தரப்பையும் சுட்டிக்காட்டி வந்திருக்கின்றன. அந்த அணியின் அரசியல் வடிவமான தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சியின் தலைவரான பிள்ளையான், கடத்தல் நடந்து ஒன்றரை ஆண்டு கழித்து, 2008 மே மாதம் கிழக்கு மாகாணத்தின் முதலமைச்சரானார். அந்த மாகாண சபையின் தலைமையகம் திருகோணமலை. உவர்மலையிலும் உட்துறைமுக வீதியிலும் உள்ள அரச அலுவலகங்களுக்கு அவருடைய வாகனத் தொடரணி போய்வருவதை நகர மக்கள் 2012 வரை பார்த்தார்கள். நாமும் வீதியோரம் நின்று பார்த்தோம்.

கைது என்பது தீர்ப்பல்ல. 2005 நத்தார் அன்று மட்டக்களப்புத் தேவாலயத்தில் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்ட வழக்கில் 2015இல் கைதாகி ஐந்தாண்டுகள் விளக்கமறியலில் இருந்த இதே மனிதர், சிறையிலிருந்தே 2020இல் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். 2021 ஜனவரியில் சட்டமா அதிபர் வழக்கைத் தொடராததால் விடுதலையானார். எனவே இம்முறையும் ஆரவாரம் செய்வதற்கு முன் பொறுத்திருப்பது நல்லது. அவர் தடுத்து வைக்கப்பட்டது பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் என்பதையும் மறக்கவேண்டாம். ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்களை விசாரணையின்றி அடைத்து வைக்கப் பயன்பட்ட சட்டம் அது. எனக்குப் பிடிக்காதவர் மீது பாயும்போது அது நல்ல சட்டமாகிவிடாது.

அதே 2006இல் இன்னொரு துணைவேந்தர் கதையும் நடந்தது. இதைக் கிழக்கில் பலர் சேர்த்துப் பேசுவதில்லை, யாழ்ப்பாணத்து விடயம் என்று விட்டுவிடுவார்கள். பேராதனையில் பொறியியல் பேராசிரியராகவும் மானியங்கள் ஆணைக்குழுவின் உறுப்பினராகவும் இருந்த ரட்ணஜீவன் ஹூல் 2006 மார்ச்சில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நியமிக்கப்பட்டார். அவருடைய கல்வித் தகைமையை யாரும் கேள்வி கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. அவர் விடுதலைப் புலிகளை விமர்சித்தவர் என்பதே பிரச்சினை. எதிர்ப்பும் அச்சுறுத்தலும் வந்தன. அவர் கடமையைப் பொறுப்பேற்காமலேயே நாட்டைவிட்டு வெளியேறினார். வடக்கில் ஒரு துப்பாக்கி, கிழக்கில் அதற்கு எதிரான துப்பாக்கி. ஒரே ஆண்டில் தமிழ்ப் பிரதேசத்தின் இரண்டு பல்கலைக்கழகங்களிலும் துணைவேந்தர் யார் என்பதைப் பேரவைகளும் மூதவைகளும் தீர்மானிக்கவில்லை. அந்த ஆண்டைப் பற்றி எழுதும் நம்மவர்கள் பெரும்பாலும் இதில் ஒரு பாதியைத்தான் எழுதுகிறார்கள். எந்தப் பாதி என்பது எழுதுபவரின் ஊரைப் பொறுத்தது.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு கல்விமானின் 'தொழில்வாழ்வு' என்பதற்கே வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. சாதாரண ஏணி எல்லோருக்கும் தெரிந்ததே: விரிவுரையாளர், சிரேஷ்ட விரிவுரையாளர், பேராசிரியர், துறைத் தலைவர், பீடாதிபதி, பிறகு துணைவேந்தர். விண்ணப்பத்தில் ஆய்வுக் கட்டுரைகளும் பெற்ற நிதியும் வகித்த பதவிகளும் பட்டியலிடப்படும். ஆனால் கலாநிதி தங்கமுத்து ஜயசிங்கத்தின் தொழில்வாழ்வை எந்தப் பத்தியில் எழுதுவது? தாவரவியலாளர். 1990இல் யுத்தம் மீண்டும் வெடித்தபோது வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகம் பல்லாயிரம் பேருக்கு அகதி முகாமானது. அதை நடத்திய விரிவுரையாளர்களில் அவரும் ஒருவர். அந்த ஆண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி இராணுவம் வந்து 158 பேரைப் பிரித்து ஏற்றிச் சென்றது. அவர்கள் திரும்பி வரவில்லை. பின்னர் விசாரணை ஆணைக்குழுவின் முன் தான் கண்டதைச் சாட்சியமாகச் சொன்னவர் ஜயசிங்கம். அதே பல்கலைக்கழகத்திலேயே தொடர்ந்து கற்பித்து, கால் நூற்றாண்டுக்குப் பின் 2015இல் அதன் துணைவேந்தரானார். அவருடைய நிர்வாகம் பற்றி ஆதரவாகவும் எதிராகவும் பேசுபவர்கள் உண்டு. அது இயல்பு. நான் சொல்ல வருவது, 1990இல் அந்த முகாம் வாசலில் நின்றதற்குப் பேரவையின் புள்ளித் தாளில் ஒரு கட்டம் இல்லை என்பதை.

பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறியவர்களின் கதையும் இந்தப் பல்கலைக்கழகத்தின் கதைதான். யுத்த காலத்தில் வந்தாறுமூலையிலும் யாழ்ப்பாணத்திலும் படிக்க முடியாமல் போன முஸ்லிம் மாணவர்களுக்காக எம்.எச்.எம். அஷ்ரப்பின் முயற்சியில் 1995இல் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தோன்றியது. 2004 மார்ச்சில் கருணா பிரிந்தபோது யாழ்ப்பாணத்தவர்கள் மட்டக்களப்பைவிட்டு விரட்டப்பட்டார்கள். அந்த மே மாதத்தில் கிழக்குப் பல்கலைக்கழகப் பொருளியல் விரிவுரையாளர் குமாரவேல் தம்பையா சுட்டுக்கொல்லப்பட்டார். முதலில் இனம் பார்த்தார்கள், பிறகு ஊர் பார்த்தார்கள்.

யுத்தம் முடிந்தபின் துப்பாக்கி போய்விட்டது. கடிதங்கள் வரத் தொடங்கின. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 2017இல் நியமிக்கப்பட்ட பேராசிரியர் விக்னேஸ்வரன், பதவிக்காலம் முடிய ஓராண்டுக்கு மேல் இருக்கும்போதே 2019இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவால் நீக்கப்பட்டார். அந்த இடத்துக்குத் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவர் வந்தார். அடுத்த துணைவேந்தர் 2020 ஓகஸ்டில்தான் வந்தார். அவர் வந்து ஆறு மாதம் முடியவில்லை, 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு வளாகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மேலிடத்து அறிவுறுத்தல் என்றார் துணைவேந்தர். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மூன்றாம் நாள் அதே துணைவேந்தர் அதே இடத்தில் மீண்டும் அடிக்கல் நட்டார். அந்த மூன்று நாட்களைப் பார்த்து அவரைத் துரோகி என்றவர்களும் உண்டு, பாவம் என்றவர்களும் உண்டு. நான் அதில் பார்த்தது பதவியின் வடிவத்தை. கீழிருந்து வரும் அங்கீகாரம் ஒன்றுமில்லாமல் மேலிருந்து நியமிக்கப்படும் ஒருவர், இரவில் மேலிடத்துக்கும் பகலில் மாணவர்களுக்கும் பதில் சொல்லவேண்டியிருந்தது.

இனி எங்கள் வளாகத்துக்கு வருகிறேன்.

தமிழருக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும், அது திருகோணமலையில் அமையவேண்டும் என்பது தமிழரசுக் கட்சியின் நெடுநாள் கோரிக்கை. இலங்கையின் தமிழ்ப் பிரதேசம் முழுவதற்கும் நடுவில் இருப்பது இந்தத் துறைமுக நகரம் என்பது அதன் நியாயம். 1974 ஒக்டோபர் 6ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்க யாழ்ப்பாணத்தில் வளாகத்தைத் திறந்து வைத்தபோது கட்சி எதிர்ப்புத் தெரிவித்ததற்கு ஒரு காரணம் இதுவே. அன்று நாட்டில் இருந்தது ஒரே ஒரு இலங்கைப் பல்கலைக்கழகம், மற்றவையெல்லாம் அதன் வளாகங்கள். ஒவ்வொரு வளாகத்துக்கும் ஒரு 'தலைவர்'. யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவர் க. கைலாசபதி. தினகரன் ஆசிரியராக இருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்தவர், பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தவர், இடதுசாரி. அன்றைய கூட்டரசாங்கத்துக்கு நெருக்கமானவர் என்பதால் அவர் நியமனம் பற்றியும் அன்று பேச்சு இருந்தது. 1977இல் அரசாங்கம் மாறியது. கைலாசபதிக்குப் பின் சு. வித்தியானந்தன் வந்தார். பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தனியானபோது அதன் முதல் துணைவேந்தராகவும் ஆனார். அரசியல் வழியாக வந்தவர் நல்ல தலைவராக இருக்க முடியாது என்று சொல்ல இந்த வரலாறு இடம் தரவில்லை. கைலாசபதி மூன்றே ஆண்டுகளில் கட்டியெழுப்பியதை அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் கைலாசபதிகள் தினமும் கிடைப்பதில்லை. நம்பி ஒரு முறைமையை அப்படி அமைக்க முடியாது.

திருகோணமலைக்கு அந்தப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. மட்டக்களப்பில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி, 1986இல் பல்கலைக்கழகம். எங்களுக்கு 1993.

வவுனியாவைப் பாருங்கள். 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகம், 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி முதல் வவுனியாப் பல்கலைக்கழகம். வளாகத்தின் முதல்வராக இருந்த மங்களேஸ்வரனே முதல் துணைவேந்தரானார். ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே முறையில் தொடங்கிய இரண்டு நிறுவனங்களில் ஒன்று தனிப் பல்கலைக்கழகம், மற்றது இன்னும் வளாகம். பம்பைமடுவில் வேலைசெய்த முதல்வர் ஒருவருக்கு அந்த ஏணியில் இன்னொரு படி இருந்தது. கோணேசபுரியில் வேலைசெய்யும் முதல்வருக்கு அடுத்த படி வந்தாறுமூலையில்தான். அதற்கு அங்குள்ள பீடங்களின் ஆதரவு வேண்டும், அங்குள்ள பேரவையின் புள்ளி வேண்டும். எனவே இங்கிருக்கும் திறமைசாலிகள் ஒன்று அங்கே பார்த்துக்கொண்டு வேலைசெய்கிறார்கள், அல்லது பேராதனைக்கோ கொழும்புக்கோ மாறிப் போகிறார்கள். வெளிநாடு போனவர்களைச் சொல்லவே வேண்டாம்.

தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்பவர்களுடன் நான் உடன்படுகிறேன். ஆனால் தயக்கத்தோடு. தயக்கத்துக்குக் காரணம் இந்த மாவட்டத்தின் கணக்கு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இங்கே முஸ்லிம்கள் நூற்றுக்கு 40 பேரளவில், தமிழர் 31, சிங்களவர் 27. இந்த நாட்டில் வேறெங்கும் எளிதில் காணமுடியாத கலப்பு இது, வகுப்பறையிலும் அப்படியே. ஒரு நல்ல பல்கலைக்கழகத்துக்கு இதைவிடப் பெரிய மூலதனம் கிடையாது. ஆனால் துணைவேந்தர் நியமனம் இப்போதுள்ள முறையில், மூடிய அறையில், மேலிருந்து நடக்குமானால் இந்தக் கலப்பே சாபமாகிவிடும். முதல் துணைவேந்தர் தமிழரா முஸ்லிமா சிங்களவரா என்பதே செய்தியாகும். எந்தச் சமூகத்தவர் வந்தாலும் மற்ற இரண்டும் தமக்கு அநியாயம் நடந்ததாக நம்பும். காரணம் எளிது. அவர் ஏன் தெரிவானார் என்பதை அறிவதற்கு யாருக்கும் வழி இருக்காது.

வழி செய்யலாம். விண்ணப்பதாரிகளின் பெயர்களையும் சுயவிபரங்களையும் வெளியிடலாம். பேரவை முன் செய்யும் விளக்கத்தை மாணவரும் ஊழியரும் ஊரவரும் கேட்கும்படி திறந்த மண்டபத்தில் செய்யச் சொல்லலாம். அமெரிக்காவின் சில அரச பல்கலைக்கழகங்களில் தலைவர் பதவிக்கான இறுதிச் சுற்று விண்ணப்பதாரிகள் வளாகத்துக்கு வந்து மாணவர், ஆசிரியர்களின் கேள்விகளுக்கு முகம் கொடுக்கிறார்கள். அதிலும் குறை உண்டு. தாம் விண்ணப்பித்தது தற்போதைய வேலையிடத்துக்குத் தெரிந்துவிடும் என்று நல்ல சிலர் ஒதுங்கிப் போகிறார்கள் என்று அங்கே முறைப்பாடு இருக்கிறது. இங்கே அந்தப் பயத்துக்கு இடமில்லை. யார் விண்ணப்பித்தார் என்பது விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன்பே திருகோணமலைத் தேநீர்க் கடைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. தெரியாமல் இருப்பது அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்பது மட்டுமே.

கேட்பதற்குக் கேள்விகள் உண்டு. சித்த மருத்துவம் படித்து வெளியேறுபவர்களுக்கு வேலை எங்கே? உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றின் கரையில் இருந்துகொண்டு, கடல் பற்றியும் துறைமுகம் பற்றியும் நாம் ஏன் இவ்வளவு குறைவாகக் கற்பிக்கிறோம்? துறைமுகக் கரையிலேயே, கடற்படைத் தளத்துக்குள், கடற்படைக்கென்று ஒரு கல்விக்கழகம் இருக்கிறது. சீனக்குடாவில் விமானப்படைக்கு ஒன்று இருக்கிறது. இராணுவத்தினருக்கான கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் அதிகாரத்தை விரிவாக்கும் சட்டமூலம் 2021இல் வந்தபோது பல்கலைக்கழக ஆசிரியர்கள் நாடு முழுவதும் எதிர்த்தார்கள். அதன் துணைவேந்தர் ஒரு இராணுவ அதிகாரி. இந்த நகரத்தில் சீருடைக் கல்விக்குத் துறைமுகக் காட்சியோடு இடம் கிடைத்திருக்கிறது. சிவில் கல்வி நிலாவெளி வீதியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறது. துணைவேந்தர் பதவிக்கு வரும் ஒருவர் இதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று அறிய எனக்கு ஆவல். இதுவரை யாரும் கேட்டதாக நான் வாசித்ததில்லை.

இதில் எங்கள் தொழிலின் பங்கையும் சொல்லியாகவேண்டும். ஊடகக் கல்வி படித்த காலத்தில் தேர்தல் செய்தியைக் குதிரைப் பந்தயம் போல எழுதக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தார்கள். வெளியே வந்தபின் நான் எழுதிய முதல் பல்கலைக்கழகச் செய்தியே 'மூவரின் பெயர் பரிந்துரை' என்பதுதான். மூன்று பெயர், மூன்று புள்ளி, யாருக்கு யார் ஆதரவு என்று ஒரு கிசுகிசு. அந்த மூவரும் என்ன ஆய்வு செய்தார்கள், அவர்களிடம் படித்த மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள், பீடாதிபதியாக இருந்தபோது பாலியல் துன்புறுத்தல் முறைப்பாட்டையோ பகிடிவதையையோ எப்படிக் கையாண்டார்கள் என்று ஒரு வரியும் நான் தேடவில்லை. ஆசிரியரும் கேட்கவில்லை. வாசகரும் கேட்கவில்லை. அவர் எந்த ஊர் என்று மட்டும் மூன்று பேர் தொலைபேசியில் கேட்டார்கள்.

2024இல் ஆட்சிக்கு வந்த அரசாங்கத்தின் பிரதமரும் கல்வி அமைச்சருமான ஹரிணி அமரசூரிய திறந்த பல்கலைக்கழகத்தில் சிரேஷ்ட விரிவுரையாளராக இருந்தவர், ஆசிரியர் சங்கப் போராட்டங்களில் நின்றவர். பேரவை நியமனங்கள் எப்படி நடக்கின்றன என்பது அவருக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ரவீந்திரநாத் வழக்கை மீண்டும் தூசு தட்டியது இந்த அரசாங்கத்தின் காலத்தில்தான் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். அந்த விசாரணை நீதிமன்றத்தில் எங்கே போய் நிற்கும் என்பது ஒரு விடயம். ஒரு துணைவேந்தரை யார் நியமிப்பது, யார் நீக்குவது, அவர் யாருக்குப் பதில் சொல்வது என்ற சட்டம் 1978இல் எழுதப்பட்டபடியே பெரும்பாலும் இருக்கிறது என்பது இன்னொரு விடயம். முதலாவதற்குக் குற்றப்புலனாய்வுத் திணைக்களம் போதும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் திருகோணமலையிலும் படங்களைக் கையில் பிடித்தபடி வீதியோரத்தில் பல ஆண்டுகளாக நிற்கிறார்கள். அந்த வரிசையில் மீனவர்களின் படங்கள் இருக்கின்றன, பாடசாலைச் சீருடையில் பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றன. ஒரு துணைவேந்தரின் படம் அந்த வரிசையில் தனியாகத் தெரியவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 2006 டிசம்பர் 15ஆம் திகதி காலையில், மானியங்கள் ஆணைக்குழுவின் கோப்புகளின்படி, கோணேசபுரியில் இருக்கும் இந்த வளாகம் உட்பட ஒரு முழுப் பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தராக இருந்தவர் அவர்தான். அவருடைய இராஜினாமா அன்றும் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கவில்லை.